மறுமொழி: வைரத்தைச் சுற்றி இருக்கும் மரத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி வைரம். அதைச் சுற்றி இருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் சாப்வுட் (sapwood) என்கிறார்கள். அதற்குப் பாடநூலில் போடத் தமிழ்ப் பெயர் தேடும் கேள்வி இது:

> சாப்வுட் = உயிர்க்கட்டை அல்லது சாற்றுக்கட்டை. சரிதானா?

சாற்றுக்கட்டை பழகிய சொல்தான், தப்பில்லை. உயிர்க்கட்டைதான் இடிக்கிறது. வேர் உறிஞ்சும் நீர் மேலே ஏறுவது அந்தப் பகுதி வழியாகத்தான். ஆனால் ஏற்றுகிற குழாய்களே செத்த செல்கள். உயிரோடு இருப்பவை இடையிடையே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பாரன்கைமா செல்கள். அவையும் செத்து, பிசினும் டானினும் படிந்தால் அது வைரம். பெயரிலேயே உயிரைப் போட்டால் பிள்ளைகள் முழுக்க உயிருள்ள கட்டை என்றே படிப்பார்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுத் தேக்குக் கதவு நிலையைக் கழற்றினோம். ஒரு விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் கரையான் தின்றிருந்தது. அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. அதை ஒட்டிய பழுப்பு மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆசாரி பார்த்துவிட்டு, "வெள்ளையோட அறுத்திருக்காங்க சார்" என்றார்.

அந்த 'வெள்ளை' நம் விடைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சந்தனத்தில் வாசமில்லாத பகுதி, செம்மரத்தில் சிவப்பேறாத பகுதி, கருங்காலியில் கறுக்காத பகுதி, எல்லாம் இதுதான். லத்தீனில் ஆல்பர்னம் என்பதும் வெண்மையைக் குறிக்கும் ஆல்பஸிலிருந்து வந்ததே. ஆனால் வெறும் வெள்ளை என்றால் பாடநூலில் நிறத்தோடு குழம்பும்.

அதனால் 'வெளிறு' என்கிறேன். புறநானூறு 35இல் போர்க்களத்து யானைகள் "வெளிற்றுப் பனந்துணியின்" கிடக்கின்றன. வயிரம் ஏறாத பனையின் துண்டுகள் போல என்று பொருள். குறள் 503இல் அதே சொல் அறியாமைக்கு வருகிறது. உள்ளே திடமில்லை என்ற கருத்துதான். காழுக்கு (வைரத்துக்குப் பழைய பெயர்) எதிர்ச்சொல் தயாராக இருக்கும்போது புதிதாக ஒட்டுப்போட வேண்டுமா?

புறக்கட்டை, வெளிமரம் என்று இடத்தை வைத்துப் பெயரிடுவதும் வேண்டாம்; எல்லா மரத்திலும் வெளிப்பகுதி மென்மையாக இருப்பதில்லை. பனையும் தென்னையும் தொல்காப்பியர் சொன்ன புறக்காழ்; அவற்றில் கெட்டி வெளியே, மென்மையான சோறு உள்ளே. (தாவரவியல்படி அவற்றுக்குச் சாப்வுட்டே கிடையாது, அது வேறு கதை.) வெளிறு இடத்தைச் சொல்வதில்லை, தன்மையைச் சொல்கிறது.

ஒரு குறை உண்டு. வெளிறு என்பது பழைய வழக்கில் வயிரம் ஏறாத மரம் முழுவதற்குமே வரும். நாம் அதை ஒரு மரத்தின் ஒரு பகுதிக்குச் சுருக்குகிறோம். 'வெளிற்றுக்கட்டை' என்று கட்டையைச் சேர்த்தால் சரியாகுமா? மரக்கடைப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.