பையனுக்கு பைக் ஓட்டச் சொல்லித்தர மதுரையில் யாராவது இருக்கிறார்களா?

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது, எல்எல்ஆர் போட்டாச்சு, 30 நாள் கழித்து லைசென்சுக்குப் போகலாம், ஆனால் டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடுவதைத் தவிர வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. நேற்று மாட்டுத்தாவணி பக்கம் பின்னால் உட்கார்ந்து போனேன். கண்ணாடி இரண்டும் அவன் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, ஹெல்மெட் பட்டை மாட்டாமல் தொங்குகிறது, பஸ்ஸை இடது பக்கமாக முந்தப் பார்க்கிறான். எனக்கு உயிரே போய்விட்டது.

திட்டினால் கேட்கிற வயசு இல்லை. பிரேக் பிடிப்பது, லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம், மழையில் ஓட்டுவது, இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் மதுரையில் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்கினீர்கள்?