தள்ளுவண்டி உணவுக் கடைக்கு மாநகராட்சியில் எந்தச் சான்று, எந்த உரிமம், எந்த உதவி?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா தமிழ்நாட்டின் மாநகராட்சி ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள சாலையில், பல ஆண்டுகளாக மாலை வேளையில் தள்ளுவண்டியில் இட்லியும் குழிப்பணியாரமும் விற்று வருகிறார். வீட்டு வாடகையும் எங்கள் படிப்பும் அந்த வண்டியின் வருமானத்தில்தான் நடந்தன. அண்மையில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று சொல்லி வந்தவர்கள் அடுப்பு, பணியாரச் சட்டிகள், அன்றைக்கு ஆட்டிய மாவுத் தூக்குகள் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதை எடுத்தோம் என்று ஒரு சீட்டுகூடத் தரவில்லை. அடுப்பு சில நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. மாவு என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட அம்மாவுக்குத் துணிவு வரவில்லை.

இப்போது என் மாமா தன் வீட்டின் முன்னறையைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். வண்டியை விட்டுவிட்டு அங்கே சிறு உணவகமாக நடத்தலாமா, அல்லது வண்டிக்கே உரிய அனுமதியைப் பெறலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இதற்கிடையில் தரகர் ஒருவர், எண்ணாயிரம் ரூபாய் கொடுத்தால் மாநகராட்சி உரிமம், உணவு உரிமம், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் வாங்கித் தந்து, ஐம்பதாயிரம் ரூபாய் மானியமும் பெற்றுத் தருவதாகச் சொல்கிறார். இவற்றில் எவை உண்மையில் தேவை, எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பழைய சுகாதார ஆய்வாளர் எழுதியது:

கயல்விழி அவர்களுக்கு, தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நகராட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்ன பட்டியலில் பாதி உங்கள் தாயாருக்குத் தேவையே இல்லாதது, மீதியை நீங்களே மிகச் சிறிய செலவில் முடித்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. எண்ணை எடுத்துக்கொள்வோம். உணவகத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இட்லி வண்டிக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தொழில் உரிமம் என்று மாநகராட்சி தருவது கட்டடத்தில் நடக்கும் கடைக்கு உரியது. சாலையோரத்தில் விற்பவருக்கு உரியது ஆணையர் தலைமையில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் அமரும் நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பின்பேரில் தரப்படும் விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும்தான். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, வண்டிக்கு டிரேட் லைசென்ஸ் கேட்டு அலைந்து வெறுங்கையோடு திரும்பிய பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

வண்டியானாலும் கடையானாலும் இன்றியமையாத ஒன்று உணவுப் பாதுகாப்புப் பதிவு. அது மாநகராட்சியின் வேலை அன்று, உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி சிறு உணவு வணிகர் உரிமம் பெற வேண்டியதில்லை, பதிவு செய்தாலே போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஆதார் அட்டை, புகைப்படம், இடத்தின் விவரம் ஆகியவற்றுடன் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த ஏழு நாளுக்குள் அலுவலர் பதிவைத் தரவோ, காரணம் எழுதி மறுக்கவோ, நேரில் ஆய்வுக்கு வருவதாக அறிவிக்கவோ வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. பதிவுச் சான்றைப் பிளாஸ்டிக் உறையிட்டு வண்டியில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தொங்கவிடுங்கள்.

இன்னும் ஒன்று. வண்டியில் வீட்டுச் சிலிண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் ஆய்வுக்கு வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டியின் அடித்தட்டைத்தான். 19 கிலோ வணிகச் சிலிண்டர் பளுவாகத் தோன்றினால் முகவர்களிடம் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை வாங்கிக்கொள்ளலாம். பொட்டலம் கட்டச் செய்தித்தாளும் வேண்டாம், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள பிளாஸ்டிக் பைகளும் பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டுகளும் வேண்டாம். வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் இருந்தால் அபராதத்துக்கு வழியே இல்லை.

வீதி வணிகர் தோழன் எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சாலையோர வியாபாரிகள் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மாவுத் தூக்கை எடுத்துச் சென்றதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே மீறப்பட்டது நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம்.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை, ஏற்கெனவே விற்று வரும் எவரையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று அதன் 3ஆவது பிரிவு கூறுகிறது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றுவதற்கும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்புக் காலம் முடிந்தும் இடத்தைக் காலி செய்யாதவரின் பொருளை மட்டுமே கைப்பற்றலாம். அப்போதும் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைத் தயாரித்து, அதிகாரம் பெற்ற அலுவலர் கையொப்பமிட்ட படியை வியாபாரியிடம் தர வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே அதே நாளிலும் திருப்பித் தர வேண்டும். அரைத்த மாவு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சமைக்கும் எவருக்கும் தெரியும். சட்டத்தை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பிரதிநிதிகள் யார் என்று கேட்டு அறியுங்கள். உங்கள் தாயாரின் வண்டிக்கு இரண்டு வண்டி தள்ளியே ஒருவர் இருக்கக்கூடும். கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒரு தடவையேனும் நடக்க வேண்டும். கடந்த கணக்கெடுப்பில் உங்கள் தாயார் பெயர் சேர்ந்ததா என்பதுதான் இப்போது நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி.

மாமாவின் அறையைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். சான்றிதழ் பெறுபவர், இத்தொழிலைத் தானோ தன் குடும்பத்தாரோ நடத்துவதாகவும், வாழ்க்கைக்கு வேறு வருமானம் இல்லை என்றும், கிடைத்த இடத்தை வாடகைக்கோ கைமாற்றாகவோ பிறருக்குத் தர மாட்டார் என்றும் உறுதிமொழி தர வேண்டும். ஆகவே கடையும் நடத்திக்கொண்டு வண்டிக்கும் சான்றிதழ் வைத்திருக்க இயலாது. வண்டியைக் கைவிட்டால், அந்த மூலையில் அவருக்கு இருக்கும் உரிமையும் போய்விடும். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் என்றால் அந்த இடத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

கயல்விழி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். முன்பு கணக்கெடுக்க வந்தவர்கள் வண்டியோடு சேர்த்துப் படம் எடுத்து, எண் எழுதிய ஒரு ஒப்புகைச் சீட்டைத் தந்திருக்கிறார்கள். அதை ரேஷன் அட்டையின் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். அதன் பிறகு அட்டை எதுவும் வரவில்லை. வண்டியிலேயே தொடரத்தான் அம்மாவுக்கு விருப்பம், ஆனால் வண்டி பழையதாகிவிட்டதால் புதுப்பிக்கப் பணம் வேண்டும். தரகர் சொன்ன ஐம்பதாயிரம் ரூபாய் மானியம் என்பது உண்மையிலேயே இருக்கிறதா?

வங்கி ஊழியன் எழுதியது:

ஐம்பதாயிரம் என்ற தொகை உண்டு. ஆனால் அது மானியம் அன்று, கடன். அதுவும் முதல் தடவையிலேயே கிடைப்பதன்று. தரகர் குறிப்பிட்டது 2020 ஜூன் 1இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டமாகத்தான் இருக்க வேண்டும். தொடக்கத்தில் முதல் கடன் 10,000, இரண்டாவது 20,000, மூன்றாவது 50,000 ரூபாய் என்று இருந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் மத்திய அமைச்சரவை திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்தபோது முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியது. முன் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கே அடுத்தது கிடைக்கும். ஈடு எதுவும் கேட்கக் கூடாது. தவணை தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். திட்டத்தில் மானியம் என்று சொல்லத்தக்கது அந்த வட்டிச் சலுகைதான். க்யூஆர் அட்டை வைத்துக் கைப்பேசி வழியாகப் பணம் பெற்றால் ஊக்கத்தொகையாக (கேஷ்பேக்) சிறிது பணமும் கிடைக்கும்.

விற்பனைச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு மாநகராட்சி பரிந்துரைக் கடிதம் தர இத்திட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் தாயாரிடம் உள்ள ஒப்புகைச் சீட்டு அதற்கு வலுவான ஆதாரம். மாநகராட்சியின் சமுதாய அமைப்பாளர்களைச் சந்தித்தால் அவர்களே விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற உதவுவார்கள். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் செயல்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் கிளையில் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிற்பது அந்த இடத்தில்தான். வங்கிக்கு வரும் நாளிலேயே ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் தாயாரைச் சேர்த்துவிடுங்கள். கொதிக்கும் எண்ணெய்க்கும் போக்குவரத்துக்கும் நடுவே நின்று உழைக்கும் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு சிறியதன்று.

மூலதன மானியம் என்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் ஒன்று உண்டு. நகரத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு வரை தருவார்கள், தம் பங்காக 5 விழுக்காடு போட வேண்டும். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே உரியது, ஏற்கெனவே நடக்கும் வண்டியைப் புதுப்பிக்கக் கிடைக்காது. மானியத் தொகையும் மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து பின்னர்தான் கடனில் கழிக்கப்படும், கையில் வராது. எனவே எந்தத் தரகர் வந்து மானியத்தைக் கையில் வாங்கித் தருகிறேன் என்றாலும் நம்ப வேண்டாம்.

பழைய சுகாதார ஆய்வாளர் எழுதியது:

மாமாவின் அறையைப் பின்னாளில் எடுக்க நேர்ந்தால் நினைவில் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். வாடகை ஒப்பந்தமும், பாக்கியில்லாத சொத்துவரி ரசீதும், உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருந்தால் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த அறையின் மின் இணைப்பை வணிகக் கட்டண வகைக்கு மாற்ற வேண்டும், சொத்துவரியும் வணிகப் பயன்பாட்டுக்கு உரியதாக உயரும். குறைந்த வாடகை என்று மாமா அன்போடு சொல்லும்போது இந்த இரண்டும் கணக்கில் வந்திருக்காது. உறவில் கசப்பு வராமலிருக்க முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வீதி வணிகர் தோழன் எழுதியது:

கயல்விழி, ஒப்புகைச் சீட்டு இருப்பது மிக நல்ல செய்தி. அதை உடனே நகல் எடுத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆணையருக்கு, நகர விற்பனைக் குழுவின் தலைவர் என்ற முறையில், ஒரு மனு எழுதுங்கள். கணக்கெடுப்பு ஒப்புகை எண், வண்டி நிற்கும் சாலை, எத்தனை ஆண்டாக விற்கிறார் என்பது, கைப்பற்றிய தேதி, எடுத்துச் சென்ற பொருள் ஒவ்வொன்றும், பட்டியல் தரப்படவில்லை என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்குமாறும், அதுவரை 3ஆவது பிரிவின்படி வெளியேற்றாதிருக்குமாறும் கேளுங்கள். கெட்டுப்போன மாவின் மதிப்பையும் விடாமல் எழுதுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் இன்னொரு படியில் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள், இல்லையேல் ஒப்புகை வசதியுடன் விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தச் சாலையில் கணக்கெடுக்கப்பட்டவர்களின் பட்டியலையும் சான்றிதழ் வழங்கிய விவரத்தையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சாலையில் நிற்கும் மற்ற வியாபாரிகளிடமும் இதே போன்ற சீட்டுகள் இருக்கும், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவின் வரைவை இங்கே பதிவிட்டால் அனுப்புவதற்கு முன் நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.