பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: வள்ளியின் ஐஸ்குச்சிக் கவண்

வள்ளி: சித்தப்பா, 11ஆம் வகுப்பு பிசிக்ஸ் ப்ராஜெக்ட். கோலிக்குண்டை 45 டிகிரியில எறிஞ்சா 2.10 மீட்டர்ல விழுது. புத்தக பார்முலாவுல தொடக்க வேகம் 4.54 மீ/நொடி வருது. அதுப்படி 157 ஃபிரேம்ல விழணும். போன் ஸ்லோமோஷன்ல (நொடிக்கு 240) எண்ணினா 185 ஃபிரேம் பறக்குது 😕

சித்தப்பா: எங்க வச்சு எறியுறே ஆத்தா?

வள்ளி: வளவுப் பத்தியில (முற்றத்தைச் சுத்தி இருக்கிற தாழ்வாரம்) மேசை போட்டு, வாசலுக்குள்ள (நடு முற்றம்) விழுற மாதிரி.

சித்தப்பா: அதான் கோளாறு. அந்த பார்முலா எறிஞ்ச மட்டமும் விழுந்த மட்டமும் ஒண்ணா இருந்தாத்தான் செல்லும். உனக்கு மேசை உயரம், அதோட பத்தியில இருந்து வாசலுக்கு இறங்குற படி உயரம். குண்டு குச்சியை விட்டுக் கிளம்புற இடத்துல இருந்து தரை வரைக்கும் அள.

வள்ளி: கிளம்புற இடம் பத்தித் தரைக்கு 62 செ.மீ., படி 18. மொத்தம் 0.80 மீ.

சித்தப்பா: தூரத்தோட வர்க்கம் 4.41. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ஆல பெருக்கு, 43.2. தூரமும் உயரமும் கூட்டினா 2.90. அதால வகுத்தா 14.9. வர்க்கமூலம் 3.86 மீ/நொடி. இந்தச் சுருக்கு வழி 45 டிகிரிக்கு மட்டும். வேற கோணம்னா தூரத்தை டேன் மதிப்பால பெருக்கி உயரத்தைக் கூட்டு, அதைக் காஸ் வர்க்கத்தோட ரெண்டு மடங்கால பெருக்கி, வர்றதால அந்த 43.2ஐ வகுத்து வர்க்கமூலம் எடு.

வள்ளி: 3.86ல கிடைமட்ட வேகம் 2.73. 2.10ஐ அதால வகுத்தா 0.77 நொடி. 240 ஆல பெருக்கினா 185!! 🎉

அண்ணன்: கோணம் எதை வச்சு எடுத்தே? நிக்கிற குச்சியோட சாய்வை எழுதிடாதே. குண்டு குச்சிக்குச் செங்குத்தாத்தான் கிளம்பும். குச்சி தரைக்கு 60 டிகிரியில தடுத்து நின்னா எறிகோணம் 30. உனக்கு 45ங்கிறதால ரெண்டும் ஒண்ணு, தப்பிச்சே. கோணத்துல 5 டிகிரி பிசகினாலும் வேகம் 2, 3 சதவீதம்தான் மாறும். உயரத்தை விட்டதுதான் பெரிய அடி.

சித்தப்பா: தூரத்தை மேசை விளிம்புல இருந்து அளக்காதே. குண்டு கிளம்புற இடத்துல தூக்குநூல் விட்டு, அதுக்கு நேர் கீழே இருந்து அள. வாசல்ல வெள்ளைத் தாள், மேல கார்பன் தாள். முதல்ல குத்துற புள்ளிதான் கணக்கு, உருண்டு நிக்கிற இடம் இல்ல. மழைத்தண்ணி ஓட வாசல் சரிவா இருக்கும், அதனால படி உயரத்தைக் குண்டு விழுற இடத்துலயே எடு.

ஆச்சி: பத்தியில ஆத்தங்குடிக் கல்லு, மேசை வழுக்கும்ல?

அண்ணன்: ஆமா ஆச்சி. கவண் பின்னால நகர்ந்தா வேகம் குறையும், புள்ளி சிதறும். மேசையில கிளாம்ப் போட்டு இறுக்கு, மேசைக் காலுக்கடியில ஈரச் சாக்கு. பிங்பாங் பந்து வேண்டாம், 2.7 கிராம்தான், காத்து இழுத்துடும். ரப்பர் பேண்டு போகப் போகத் தளரும். கடைசி எறிகள் குட்டையாவே விழுந்தா மாத்திட்டு முதல்ல இருந்து எறி.

வள்ளி: கால்குலேட்டர் 3.8604னு காட்டுது, அப்படியே எழுதவா?

சித்தப்பா: 3.86 போதும். டேப்புல செ.மீ. வரைக்கும்தானே பார்த்தே.