எஸ்எம்எஸ்எஃப் (ஆஸ்திரேலியாவில் உறுப்பினர்களே நடத்தும் ஓய்வூதிய ஃபண்ட்): ஆண்டு நடுவில் பென்ஷன் தொடங்கினால் ஆக்சுவரி சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி (இருவர்_ஃபண்ட்):
2024-25 கணக்கு (ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை). கணவர், வயது 66, இருப்பு 6 லட்சம் டாலர். அக்டோபர் 1 அன்று முழுத் தொகைக்கும் பென்ஷன் தொடக்கம். மனைவி அக்யுமுலேஷனில் (பென்ஷன் தொடங்காத சேமிப்புக் கட்டம்), 4 லட்சம். ஜூன் 1 அன்று 30,000 கன்செஷனல் (வரிக்கு முந்தைய) பங்களிப்பு. ஆகஸ்டில் பங்குகள் விற்றதில் 90,000 மூலதன லாபம், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவை. பென்ஷனுக்கு முன் வந்த லாபம்தானே, முழுக்க வரி உண்டா? சான்றிதழ் அவசியமா?

பதில் 1 (வரித்தாள்):
அவசியம். சொத்துகளைப் பிரித்து வைக்காமல் இரண்டு வகை இருப்பும் கலந்திருப்பதால் விகித முறைதான் (ஃபண்டில் பென்ஷன் இருப்பின் பங்கு எவ்வளவோ அந்தச் சதவீத வருமானத்துக்கு வரிவிலக்கு), அதற்கு ஆக்சுவரி எனும் கணிப்பு நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் விலக்கு கோர முடியாது. ஆகஸ்ட் லாபத்துக்கும் அதே சதவீதம் பொருந்தும். விகிதம் அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கும் ஒன்றுதான், விற்ற தேதியைப் பார்ப்பதில்லை.

தோராயக் கணக்கு, முதலீட்டு வருமானமும் பென்ஷன் எடுப்பும் சேர்க்காமல்: 6 லட்சம் × 273/365 = 4,48,767. மொத்தச் சராசரி 10 லட்சம் + (30,000 × 30/365) = 10,02,466. விகிதம் 44.77%. அதே பங்களிப்பு ஜூலை 1 அன்றே வந்திருந்தால் 43.57%.

லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி போக 60,000. அதில் சுமார் 26,860 விலக்கு. மீதி 33,140க்கு 15%, ஏறக்குறைய 4,970 டாலர் வரி. பங்களிப்பு 30,000 இந்த விகிதத்துக்குள் வராது, முழுக்க 15%. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: மொத்த வருமானத்தையும் சதவீதத்தால் பெருக்கிவிடுவார்கள். ஃபிராங்கிங் கிரெடிட்டும் (டிவிடெண்டுக்கு நிறுவனம் ஏற்கெனவே கட்டிய வரிக்கான வரவு) வருமானமாகச் சேர்ந்து விகிதத்துக்கு உட்படும், ஆனால் கிரெடிட் தொகை குறையாமல் முழுதாகக் கிடைக்கும். நிர்வாகச் செலவுக் கழிவோ விலக்கு விகிதத்துக்கு ஏற்பக் குறையும்.

பதில் 2 (ஜூன்30):
சதவீதத்தைவிட முதலில் குறைந்தபட்ச பென்ஷனைப் பாருங்கள். 66 வயதுக்கு 5%; 273 நாளுக்கு 22,440 டாலர், பத்தின் மடங்காக முழுமையாக்கியது. ஜூன் 30க்குள் அது வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் அந்த ஆண்டில் வரிக்கணக்குக்குப் பென்ஷனே இல்லை. உங்கள் ஃபண்டில் வேறு பென்ஷன் இல்லாததால் விலக்கு பூஜ்யம், சான்றிதழ் கையிலிருந்தும் பயனில்லை. நேர்மையான தவறால் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் (இங்கே 1,870) குறைந்திருந்தால், தெரிந்த 28 நாளுக்குள் கட்டிச் சரிசெய்ய ஏடிஓ (ஆஸ்திரேலிய வரித்துறை) சலுகை உண்டு. அதை நீங்களாகவே பயன்படுத்திக்கொள்வது ஒருமுறைதான்.

ஆக்சுவரிக்கு அனுப்ப: ஜூலை 1, ஜூன் 30 இருப்புகள் சந்தை மதிப்பில், உறுப்பினர்வாரியாக, பங்களிப்பு, ரோல்ஓவர் (வேறு ஃபண்டிலிருந்து மாற்றிய தொகை), பென்ஷன் தொடக்கம், எடுப்பு, கம்யூட்டேஷன் (பென்ஷனை மொத்தத் தொகையாக மாற்றுவது) எல்லாம் தேதியோடு. தேதி மாறினால் சதவீதமும் மாறும், அதனால் கணக்கு முடிந்தபின் கேளுங்கள். ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் கையில் இருக்க வேண்டும். ஏடிஓவுக்கு அனுப்ப வேண்டாம், ஆவணத்தில் வைத்தால் போதும்.

பதில் 3 (விகிதம்):
ஒரு சேர்க்கை. மனைவியும் மார்ச்சில் பென்ஷனுக்கு மாறி, ஜூன் பங்களிப்பும் இல்லாதிருந்தால் கதையே வேறு. அன்றிலிருந்து ஃபண்ட் முழுக்கப் பென்ஷன், அதனால் பிரிக்கப்பட்ட சொத்தாகக் கருதப்படும். அந்தக் காலத்து வருமானம் முழு விலக்கு. முந்தைய மாதங்களுக்கு மட்டும் சான்றிதழ். 2021-22 முதல், ஆண்டு முழுவதற்கும் விகித முறையையே தேர்ந்தெடுக்கவும் டிரஸ்டிகளுக்கு உரிமை உண்டு. பெரிய விற்பனை முழுப் பென்ஷனுக்கு முந்தைய மாதங்களில் நடந்திருந்தால் அந்தத் தேர்வு நன்மை, பிந்தைய மாதங்களில் என்றால் வேண்டாம். முடிவை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

ஃபண்ட் உறுப்பினர் யாராவது ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு, ஆண்டுத் தொடக்கத்துக்குச் சற்று முன் மொத்த சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு) 16 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தால் பிரிப்பு முறை கிடையாது; ஆண்டு முழுக்க ஃபண்டே பென்ஷனில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அப்போது சான்றிதழும் தேவையில்லை.