பெயரை மறைத்துப் பதிவெண்ணை மட்டும் ஒட்டினால் போதுமா?

கேள்வி (மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு இன்டர்னல் தேர்வு முடிந்ததும் வகுப்பு முழுவதற்குமான மதிப்பெண் பட்டியலைத் துறை அலுவலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். பெயர் இருக்காது, பதிவெண் மட்டுமே இருக்கும். ஆனால் தேர்ச்சி பெறாதவர்களின் வரிசைகள் மஞ்சள் மார்க்கரால் தீட்டப்பட்டிருக்கும். அதே எக்செல் கோப்பு வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடுகிறது. சென்ற மாதம் என் தோழி கணிதத்தில் பன்னிரண்டு மதிப்பெண் பெற்றிருந்தாள். அவள் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்து வகுப்பினர் அதைப் பற்றி அவளிடம் விசாரித்துவிட்டார்கள். இரண்டு நாட்கள் அவள் வகுப்புக்கே வரவில்லை. இது முறைதானா?

பதில் 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
அன்பு மாணவிக்கு, பணிக்காலம் முழுவதும் நானும் அப்படித்தான் ஒட்டினேன்; அது தவறு என்று தாமதமாகவே உணர்ந்தேன். பதிவெண் எதையும் மறைப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் அது பெயர்களின் அகரவரிசைப்படி தரப்படுகிறது. வருகைப்பதிவும் ஆய்வகக் குழுக்களும் அதே வரிசையில் அமைவதால், கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்ததுமே வகுப்பில் உள்ள எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாணவரின் ஒப்புதல் இல்லாமல் பெயரையோ மாணவர் எண்ணையோ குறிப்பிட்டு மதிப்பெண்ணைப் பொதுவில் ஒட்டக் கூடாது. ஒட்டியாக வேண்டுமென்றால், ஆசிரியரும் அந்த மாணவரும் மட்டுமே அறிந்த குறியீட்டை இட்டு, அகரவரிசையையும் கலைத்துவிட வேண்டும்.

பதில் 2 (முன்னாள் மாணவர்):
ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் பட்டியல் வெளியில் இருந்ததால்தான், ஒரே மாதிரி விடை எழுதிய எனக்கும் என் நண்பனுக்கும் எட்டு மதிப்பெண் வேறுபாடு இருந்தது தெரிந்து, நாங்கள் கேட்டுத் திருத்திக்கொண்டோம். எல்லாவற்றையும் மூடிவிட்டால் பாரபட்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 3 (வழக்கறிஞர்):
தம்பியின் கவலை நியாயமானது. அதற்குரிய வழி வேறு. தேர்வர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அது தம் தாளைத் தாமே பார்க்கும் உரிமை. பிறருடைய மதிப்பெண்ணை ஊரறியச் செய்யும் உரிமையன்று. வகுப்பின் சராசரியையும் அதிக, குறைந்த மதிப்பெண்களையும் வெளியிட்டாலே ஒருவர் தம் நிலையை ஒப்பிட்டுக்கொள்ள முடியும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகக் கூறியது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. மதிப்பெண் பட்டியலைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு அதில் இல்லை என்பதால், நேராக வழக்கு என்று போகாமல், முதலில் துறைத்தலைவரிடம் எழுத்து மூலம் கோருங்கள். தமிழக அரசே 2017 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் முதலிடம் பெற்றோரை அறிவிப்பதை நிறுத்திவிட்டதையும் அதில் குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அவரவர் மதிப்பெண்ணை அவரவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புமாறு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வகுப்பில் நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டுள்ளார்கள். முதல் கையெழுத்து என் தோழியுடையது.