டானோன் கம்பனி ஃபாபேரை ஏன் வெளியே அனுப்பியது?

கணக்குப்பிள்ளை, கொழும்பு 6:
எல்லோருக்கும் வணக்கம். கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டாம் வருட ட்ரெய்னியாக இருக்கிறேன். இந்த முறை ஒரு வாடிக்கையாளருடைய காலநிலை அறிக்கை வேலை, அதுதான் அந்த எஸ்1 (நிலைபேறு பற்றிய பொது விதி), எஸ்2 (காலநிலை விதி), என் தலையில் விழுந்திருக்கிறது. போன கிழமை முழுக்க ஜெனரேட்டருக்கு அடித்த டீசல் பில்களைத்தான் கூட்டினேன். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மடித்துப் போட்டிருந்தார்கள், பாதியில் மை மங்கி எத்தனை லீற்றர் என்றே தெரியவில்லை, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

இந்த விதிகளை வெளியிட்ட ஐஎஸ்எஸ்பி என்ற சர்வதேச சபைக்குத் தலைவர் யார் என்று தேடினால் எமானுவல் ஃபாபேர் என்று வந்தது. யோகட், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் விற்கிற டானோன் கம்பனியை நடத்திய பிரெஞ்சுக்காரர், 2021ல் பணிப்பாளர் சபையே அவரை நீக்கியிருக்கிறது. சுற்றுச்சூழல் என்று பேசியதால் துரத்தினார்களா, இல்லாவிட்டால் வியாபாரத்தைச் சரியாகப் பார்க்கவில்லையா? விடிய விடிய இந்தக் கணக்கைப் பார்க்கிறவளுக்கு அது தெரிய வேண்டும் போல இருக்கிறது.

பம்பலப்பிட்டி ரவி:
தங்கச்சி, நான் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஃபாபேரையும் கொஞ்சம் கூர்ந்து கவனித்து வந்தவன். கிரெனோபிளில் 1964ல் பிறந்தவர், பாரிஸில் எச்ஈசி என்ற வணிகக் கல்லூரியில் படித்தவர், 1997ல் டானோனுக்கு வந்து நிதிப் பக்கத்தில் மேலே வந்தவர். ஆக, இவர் வெளியிலிருந்து வந்து உபதேசம் செய்த ஆள் இல்லை, நம்மைப் போலக் கணக்குப் புத்தகத்தில் வளர்ந்தவர். 2014ல் பிரதம நிறைவேற்று அதிகாரி, 2017 கடைசியில் தவிசாளர் பதவியும் சேர்ந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது 2020 பெப்ரவரியில் அவர் செய்தது. கம்பனியின் கார்பன் வெளியீட்டுக்குத் தொன்னுக்கு 35 யூரோ என்று விலை போட்டு, அதைப் பங்கொன்றுக்கான இலாபத்திலிருந்து கழித்து, மிச்சம் எவ்வளவு என்று பங்குதாரருக்கே காட்டினார். ஒரு பெரிய கம்பனி தன் இலாபத்தைத் தானே குறைத்துக் காட்டுவதை நீங்கள் எத்தனை தரம் பார்த்திருக்கிறீர்கள்? அந்த ஜூனில், சமூக, சுற்றுச்சூழல் நோக்கத்தைக் கம்பனி யாப்பிலேயே எழுதும் பிரேரணைக்கு 99 வீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. கம்பனியின் கடமை இலாபம் மட்டும்தான் என்ற பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனின் சிலையைச் சாய்த்துவிட்டீர்கள் என்று பங்குதாரரைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது மாதம் போகவில்லை, 2021 மார்ச்சில் ஆளே இல்லை.

கொட்டாஞ்சேனை வாசகன்:
ரவி அண்ணா சொன்னது சரி, ஆனால் அது பாதிக் கதை. கொவிட் தொடங்கியபோது 2020 ஜூன் கடைசி வரைக்கும் ஒருவரின் வேலையும் போகாது, சம்பளமும் குறையாது என்று ஏறக்குறைய ஒரு லட்சம் ஊழியருக்கு வாக்குக் கொடுத்தார். நல்ல காரியம். அதே வருடம் நவம்பரில் 2000 பேர் வரை குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார். விமான நிலையமும் உணவகமும் மூடினதும் எவியன் மாதிரித் தண்ணீர்ப் போத்தல் வியாபாரம் விழுந்தது, அதை அவர் தலையில் கட்ட முடியாதுதான், ஆனாலும் அந்த வருடம் பங்கு விலை கால்வாசிக்கு மேல் இறங்கியது. 2017ல் வாங்கி முடித்த வைட்வேவ் என்ற அமெரிக்க உணவுக் கம்பனிக்குக் கடனோடு சேர்த்து 12.5 பில்லியன் டொலர் போனது. புளூபெல், ஆர்ட்டிசன் என்ற முதலீட்டாளர்கள் தலைமையை மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். 2021 மார்ச் முதலாம் திகதி தவிசாளர், பிரதம நிறைவேற்று அதிகாரி என்ற இரண்டு பதவியையும் பிரிப்பது என்று முடிவானது, இரண்டு கிழமையில் இரண்டும் போய்விட்டது. என் அப்பா ஆலையில் வேலை போன மனுஷன். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 2000 குடும்பம் 2000 குடும்பம்தான், அதை மறந்துவிட்டு அவரைத் தியாகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்கா போய் வந்தவள்:
நான் ஆறு வருடம் டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன், நம்முடைய ஆட்கள் அங்கே நிறையப் பேர். ஃபாபேர் ஆசியாவுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில்தான், 2006ல், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கிற முகமது யூனுஸின் கிராமீனோடு சேர்ந்து வங்காளதேசத்துப் போக்ராவில் யோகட் தொழில் தொடங்கினார்கள். சக்தி தோய் என்று பெயர், பிள்ளைகளின் போசாக்குக்கு இரும்புச்சத்து, துத்தநாகம், விற்றமின் ஏ எல்லாம் சேர்த்த சின்னக் கப். ஊர்ப் பெண்களே பையில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். கப் ஒன்று 5 டாக்கா, அந்த நாட்டுக் காசுக்கும் அதுதான் பெயர். 2008ல் பால் விலை ஏறியதும் 8 டாக்கா ஆக்கினார்கள், கிராமத்தில் விற்பனை அப்படியே படுத்துவிட்டது. பிறகு கப்பைச் சின்னதாக்கி விலையை இறக்க வேண்டி வந்தது. மூன்று டாக்கா ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்பதை அந்த மனிதர் அங்கே கண்டிருப்பார். நாங்களும் 2022ல் பால்மா பக்கற்றைக் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த ஆட்கள்தானே.

2016ல் எச்ஈசி பட்டமளிப்பில் அவர் பேசியதையும் கேளுங்கள். மனநோயோடு வாழ்ந்து இறந்துபோன தம்பியைப் பற்றித்தான் பேசினார், அந்தத் தம்பி மூலம் தெருவில் வாழ்கிறவர்களோடு பழகியதைச் சொன்னார். அதிகாரம், பணம், புகழ் மூன்றிலும் கவனமாக இருங்கள் என்றார். 2019ல் தனக்கு வரவிருந்த பெரிய ஓய்வூதியத்தை வேண்டாம் என்று விட்டவர், ஆகவே வாயால் மட்டும் சொன்னது இல்லை.

கணக்குப்பிள்ளை, கொழும்பு 6:
அக்கா, அந்த மூன்று டாக்கா விஷயம் மனதில் நின்றுவிட்டது. கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னதையும் தள்ள முடியவில்லை. இப்போது எனக்குப் படுவது, அவரை அனுப்பியதற்குக் காரணம் இலாபம்தான், ஆனால் இலாபம் நன்றாக இருந்திருந்தால் அந்தக் கார்பன் கணக்கை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பம்பலப்பிட்டி ரவி:
அதுதான் என் எண்ணமும். 2022 ஜனவரியில் அந்தச் சபைக்குத் தலைவரானார், 2023 ஜூனில் எஸ்1, எஸ்2 வந்தது. டானோனில் அவர் விரும்பிக் காட்டிய கார்பன் வெளியீட்டை இப்போது, இந்த விதிகளை ஏற்ற நாடுகளில், மற்றக் கம்பனிகள் விதிப்படி சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கேயும் 2025 முதல் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளுக்கு வந்துவிட்டது. உங்கள் ஜெனரேட்டர் டீசல் ஸ்கோப் 1, அதாவது கம்பனியே நேரடியாக வெளியிடும் கார்பன்; மின்சார சபை பில் ஸ்கோப் 2, வாங்கும் மின்சாரத்தால் வருவது. சப்ளையர், வாடிக்கையாளர் பக்கம், அதாவது ஸ்கோப் 3, முதல் வருடம் சொல்லத் தேவையில்லை என்று எஸ்2ல் சலுகை உண்டு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மை அழிந்த பில்லுக்கு உத்தேசக் கணக்கு எழுத வேண்டாம். டீசல் அடித்த ஷெட்டில் மாதக் கணக்கு வைத்திருப்பார்கள், நகல் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை, கொழும்பு 6:
சரி அண்ணா. திங்கட்கிழமை காலையிலேயே ஷெட்டுக்குப் போகிறேன், டின்னையும் கொண்டுபோகிறேன்.