கயிற்றில் ஒட்டிப் போன மணல்: ஆச்சி சொன்னது உண்மையா?

கேள்வி: தேங்காப்பட்டணம் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். பழைய வீட்டை இடிக்கிறதுக்காக மச்சைக் காலி செய்தோம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதில் கட்டுகிற வலைப்பையான மேன்டில் பிரிக்காமல் இரண்டு பாக்கெட், அப்புறம் ஆச்சி கதம்பை (தேங்காய் மட்டை) அடித்த கொட்டாப்புளி என்ற மரச்சுத்தி, மூன்றும் ஒரே சாக்கில் கிடந்தன. அம்மா அதைப் பார்த்ததும், "இந்த மேன்டிலே நம்ம மணல்லேருந்து வந்ததுதான், அந்த மணலை வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதே நம்ம கயிற்றிலே ஒட்டிப் போனதாலேதான்னு ஆச்சி சொல்லுவா" என்றார்கள்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. இது நிஜமா, இல்லை ஊர்ப்பேச்சா? இன்னொன்று: நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் நம் கடற்கரைக் கயிறு எங்கே போனது? பாடப்புத்தகத்தில் குளச்சல் போர் இருக்கிறது, மிளகு இருக்கிறது. கயிற்றைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை.

பதில் 1: கயிற்றுக்கடை, மணவாளக்குறிச்சி

தம்பி, உங்க ஆச்சி சொன்னது நிஜம். அப்பாவும் நானுமாக ஐம்பது வருஷம் கயிறு வாங்கி விற்ற குடும்பம் எங்களுடையது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தோரியம் என்ற உலோகம் அடங்கிய கனிமம் அது. அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. தேங்காய் நாரான தும்பு, அதை மணலிலேதான் காயப்போடுவோம், மணலிலே உட்கார்ந்துதான் திரிப்போம். எத்தனை உதறினாலும் முறுக்குக்குள் நாலு மணி மணல் நிற்கும். வியாபாரத்தில் அது குறை, எடைக்காக மண்ணோடு கட்டியதாகச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். அந்தக் குறைதான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த வருஷமே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை போட்டார்.

ஏன் அவ்வளவு அவசரம்? ஐரோப்பாவின் நகரங்களில் அன்றைக்கு நிலக்கரி வாயு விளக்குகள்தான் எரிந்தன. அந்தச் சுடர் மஞ்சளாக, மங்கலாக இருக்கும். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் என்பவர் 1885-இல் மேன்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1891-இல் 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கலவையைப் பிடித்த பிறகுதான் அது வெள்ளையாக, பிரகாசமாக எரிந்தது. தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. அதுவரை பிரேசில் கடற்கரையும் அமெரிக்காவின் கரோலினாப் பகுதியும்தான் மோனசைட் தந்தன. நம் மணலில் தோரியம் அவற்றைவிட அதிகம்.

பெட்ரோமாக்ஸ் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டு மாதிரி மெத்தென்ற சின்னப் பையை நூலால் கட்டித் தொங்கவிடுவோம். முதல் முறை தீ வைத்ததும் துணி எரிந்து போய்விடும், சுருங்கிய வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு ஒளிர்வது முழுக்க அந்தக் கூடுதான். விரல் நுனி பட்டால் பொடிந்துவிடும். கல்யாண வீட்டில் விளக்கைத் தூக்கிவருகிற ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அந்தக் கூட்டுக்கான சரக்குதான் நம் கரையில் கால்படும் மணலில் இருக்கிறது. கன்னியாகுமரியில் அம்மன் கல்யாணம் நின்றுபோய், சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் வண்ண மணலாக மாறியதாகச் சொல்வார்களே, அதே மணலின் கூட்டம். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சளும் தவிட்டு நிறமுமாக இருப்பது மோனசைட்.

1914-இல் முதல் உலகப்போர் வந்ததும் ஷோம்பெர்க்கைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆலை லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. பின்பு மின்விளக்கு பரவியதால் மேன்டிலுக்குக் கிராக்கி குறைந்தது, 1922 வாக்கில் வெள்ளைப் பெயின்டுக்காக இல்மனைட் முன்னால் வந்தது.

உங்க இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அரபிக் கடலில் ஓடிய மரக்கலங்களில் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். 1340-களில் மாலத்தீவில் காஜியாக (நீதிபதியாக) இருந்த மொராக்கோ பயணி இபின் பதூதா இதை எழுதிவைத்திருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அவருக்கு முன்னால் மார்க்கோ போலோ பாரசீக வளைகுடா வாயிலில் இருக்கிற ஹோர்முஸ் துறைமுகத்தில் இதே தையல் கப்பலைப் பார்த்துப் பயந்து, மட்டமான கப்பல் என்று எழுதினார். நான் இபின் பதூதா பக்கம். தென்னங்கயிறு உப்புநீரில் சீக்கிரம் அழுகாது, மிதக்கும், புயலில் நங்கூரம் இழுக்கும்போது நீண்டு கொடுக்கும். எங்களிடம் வடம் வாங்கிய மீனவர்கள் சொன்னதும் இதேதான்.

போர்ச்சுக்கீசியர் 'கைரோ' என்றார்கள், ஆங்கிலேயர் 'காயர்' என்றார்கள். இரண்டும் நம் வாயில் இருக்கிற 'கயிறு' தான். மிளகு போன கப்பலைக் கட்டிப்பிடித்திருந்தது கயிறு. அதை அடித்த பெண்களின் பெயர் ஒரு கணக்குப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் கடைப் புத்தகத்திலும் கட்டு எண்ணிக்கைதான் இருக்கிறது.

பதில் 2: குளச்சல் டீச்சர்

அண்ணாச்சி, அருமை. ஆனால் மிளகை இவ்வளவு பின்னால் தள்ள வேண்டாம். டச்சுக் கம்பெனி 1602-இல் தொடங்கியதே நறுமணப் பொருளுக்காகத்தான். மார்த்தாண்ட வர்மா மிளகு விளையும் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகப் பிடித்ததால்தான் அவர்கள் குளச்சலில் வந்து இறங்கினார்கள். 1741-இல் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு இதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாகி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. கயிறு யாரையும் படையோடு இங்கே கூட்டிவரவில்லையே?

பதில் 3: கயிற்றுக்கடை, மணவாளக்குறிச்சி

டீச்சர் சொல்வது சரி, கயிற்றுக்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. மலிவான சரக்கு, எந்தக் கரையிலும் கிடைக்கும். அதனால்தான் புத்தகத்தில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இந்த மலிவுச் சரக்கின் போக்கைப் பாருங்கள். இரும்புக் கப்பலும் கம்பி வடமும் வந்ததும் கப்பல் வேலை குறைந்தது. அதோடு கயிறு செத்துப்போகவில்லை. 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் தறி போட்டார். ஐரோப்பிய வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடந்தது நம் தும்பு. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கான வழி வெகுவாகச் சுருங்கியது.

இங்கே வேலை நடந்த முறையில் மட்டும் எதுவும் மாறவில்லை. நீராவி ஓடிய நூற்றாண்டிலும் கதம்பை எட்டு மாதம், பத்து மாதம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயிலும் காயலிலும் ஊறியது, அப்புறம் கையால்தான் அடித்தார்கள். ஊறல் நாற்றத்தில் விரலில் கிடக்கும் வெள்ளி மோதிரம் கறுத்துப்போகும். எங்கள் கடைக்கு வந்த பெண்களின் கையைப் பார்த்தே யார் கால்வாயில் நின்றவர் என்று அப்பா சொல்வார்.

பதில் 4: தேங்காப்பட்டணம் பேரன்

அண்ணாச்சி, ஆச்சியின் மோதிரமும் கறுப்புதான். அது துரு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: மேன்டிலில் தோரியம் என்றால் கதிர்வீச்சு இருக்குமே, வீட்டில் வைக்கலாமா?

பதில் 5: கயிற்றுக்கடை, மணவாளக்குறிச்சி

பழைய மேன்டிலில் கொஞ்சம் இருக்கும். பாக்கெட்டைப் பிரிக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். ஏற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், அதன் பொடி மூச்சில் போகக்கூடாது. இப்போது வருகிற மேன்டில் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் போடுகிறார்கள், ஏற்ற வேண்டுமானால் அதை வாங்குங்கள்.

கொட்டாப்புளியை வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவி நிழலில் வையுங்கள். பிடியில் ஆச்சியின் விரல் தேய்ந்த பள்ளம் இருக்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.